கடற்கரை வீட்டுக் காப்புறுதியில் உன் அப்பாவின் பெயர்

மகனே,

இதை எழுதும்போது உனக்கு ஐந்து வயது. உனக்குக் கலியாணம் பேசி, பெண் வீட்டார் எந்த வீட்டைச் சீதனமாக எழுதப்போகிறார்கள் என்று சொல்லிவிட்ட பிறகு இதை உன் கையில் தருவதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். சீதனம் என்ற சொல்லே அப்போது உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். நானும் பல்கலைக்கழகத்தில் அதை எதிர்த்து மேடை ஏறிப் பேசியவள்தான். பேசி மூன்று வருஷத்தில் என் அம்மாவின் சீதன வீட்டை என் சீதனமாக வாங்கிக்கொண்டு, அதே வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுக் கலியாணம் செய்தேன். ஆகவே அதைப் பற்றி உனக்கு உபதேசம் செய்ய எனக்கு வாயில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், ஆண்பிள்ளை மனைவியின் வீட்டில் போய்க் குடியிருப்பான். நீயும் அப்படித்தான் ஒருநாள் போவாய். அப்படிப் போகிற வீட்டில் நீ செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தேன், ஆறுகிற மாதிரி இல்லை.

எங்கள் வீடு வடமராட்சியின் வடக்குக் கரையில் இருக்கிறது. படலையைத் திறந்தால் தார் ரோட்டு, ரோட்டைக் கடந்தால் வலை வைக்கிற இரண்டு கொட்டில்கள், அதற்கு அங்கால் கடல். என் அப்பா, உன் அம்மப்பா, நாற்பது வருஷம் அந்தக் கடலில் தொழில் செய்தவர். உன் அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் மூன்று மாதம்தான் வீட்டில். நான் புவியியல் படித்தவள். கடலிலேயே கிடந்த இரண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் கடலை வரைபடத்தில் மட்டும் பார்த்தவள் என்பதால், நான் பயந்தால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். நீ வயிற்றில் இருந்தபோது அந்தப் பயம் கூடிப்போனது. பிரதேச செயலகத்துச் சுவரில் ஒட்டியிருந்த இடர் வரைபடத்தில் எங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் சிவப்பு அடித்திருந்ததைப் பார்த்திருந்தேன். போனில் தேடித் தேடி வாசிப்பேன். எங்கேயோ ஒரு தீவில் எரிமலைச் சரிவில் வீடு கட்டி இருக்கிறார்களாம். தீக்குழம்பு எந்த வழியால் இறங்கும் என்று பார்த்து நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து இலக்கம் போட்டிருக்கிறார்களாம். ஆபத்துக் கூடிய பகுதி என்றால் கம்பனிகள் காப்புறுதி தரப் பின்னடிக்குமாம். வீடு போன பிறகு, அது எரிந்து போனதா, குழம்பு மூடிப் போனதா என்று வழக்கும் பேசுவார்களாம். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன்.

“இஞ்சை எங்கையப்பா எரிமலை?” என்றார்.

“கடல் இருக்குத்தானே.”

“கடல் எரியாது. அந்தச் சொதியை இஞ்சாலை தள்ளும்.”

எனக்கு அந்த எரிமலைக்காரர்கள் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. தீக்குழம்பு மெல்ல ஊர்ந்து வரும் என்று வாசித்தேன். வீட்டு உறுதிப் பத்திரக் கட்டை எடுத்து, பிள்ளையைத் தூக்கி, கோழிகளையும் பிடித்துக்கொண்டு நடந்து போகலாம். எங்கள் கடல் அந்த அவகாசம் தராது. இதை நான் விடாமல் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுப்புக் கொடுத்தேன். நீ பிறந்து ஆறு மாதத்தில் அவர் லீவில் வந்தபோது, “இன்சூரன்ஸ் செய்து தந்தால் நீர் நிம்மதியாய் நித்திரை கொள்ளுவீரோ?” என்று கேட்டுவிட்டு, தானே முகவருக்குப் போன் எடுத்தார். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம்.

முகவர் அச்சுவேலிப் பக்கத்தவர், என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவர், நல்ல கதைகாரர். முன் விறாந்தையில் நாங்கள் நாலு பேரும் கதிரை போட்டு இருந்தோம். நீ என் தோளில். வீட்டு உறுதியைப் பையோடு என் மடியில் வைத்திருந்தேன், கேட்பார்கள் என்று. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் வாசித்து வாசித்துத் தமிழில் கேட்டு நிரப்பினார்.

“வீட்டிலையிருந்து கடல் எத்தனை மீற்றர் ஐயா?”

“எந்த மாசத்துக் கடலைக் கேக்கிறீர் தம்பி?” என்றார் அம்மப்பா.

“எல்லா மாசமும் ஒரு கடல்தானே ஐயா.”

“ஆர் சொன்னது? சோழகக் காத்து அடிக்கேக்கை வாரும், நடந்து நடந்து கால் உளையும். வாடைக் காத்துக்கு வாரும், படலையிலை நிண்டு முகம் கழுவலாம்.”

எல்லோரும் சிரித்தோம். முகவர் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு இலக்கத்தை எழுதினார். கடல் பெருகி வீட்டுக்குள் வந்தால் அதற்கும் சேர்த்து எடுக்கிறோம் என்று நான் அழுத்திச் சொன்னேன். அதற்கு வேறாகக் கட்டணம், அதையும் எழுதினார். பிறகு கேட்டார்:

“சரி, வீட்டு உரிமையாளர் பேர்?”

நான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னர் உன் அம்மப்பா, கோயிலில் உபயகாரர் பெயர் வாசிக்கிற மாதிரி, உன் அப்பாவின் முழுப் பெயரையும் முதலெழுத்தோடு சொன்னார். “மருமகன்தான். அவற்றை வீடுதானே தம்பி, எழுதும்.” உன் அப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, முகவர் காட்டிய இடங்களில் கையெழுத்து வைத்தார். நான் உறுதிப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

இதில் என் பிழையை நான் ஒளிக்கவில்லை. நாலு நாளில் கப்பலுக்குப் போகிற மனிசனை, வெளியாள் ஒருவருக்கு முன்னால், “இது என்ரை வீடு, இவற்றை இல்லை” என்று சொல்லிச் சின்னதாக்க எனக்கு மனம் வரவில்லை. பெயர்தானே, வீடு ஒன்றுதானே, கட்டணம் கட்டினால் சரிதானே என்று சீனியைக் கலக்கிக்கொண்டு எனக்கு நானே சொன்னேன். இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் புருசனை என் அப்பா இவ்வளவு மதிக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பட்டம் பெற்றவள், இடர் வரைபடம் வாசிக்கத் தெரிந்தவள், எரிமலை நாட்டுச் சட்டம்வரை தேடி வாசித்தவள், தன் வீட்டுப் படிவத்தில் உரிமையாளர் யார் என்ற கேள்வியில் வாயை மூடினாள்.

கட்டணத்தை ஒரு வருஷமும் பிந்தாமல் கட்டினேன். போன கார்த்திகைப் புயலில் கடல் வந்தது. அறிவித்தல் வந்தவுடன் உன்னையும் அம்மப்பாவையும் கூட்டிக்கொண்டு கரையை விட்டு உள்ளுக்குள் இருக்கிற பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் இருந்தேன். திரும்பி வந்தபோது குசினியின் வடக்குச் சுவர் இல்லை. கதவு வீட்டுப் பக்கத்து ஒழுங்கைப் பாதையில் கிடந்தது. அலுமாரி குப்புற விழுந்திருந்தது. உள்ளே முழங்கால் அளவுக்கு மணல். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நீ மட்டும் பெரிய சந்தோசத்தில் இருந்தாய். அடுப்படியில் இருந்து மணலில் கோபுரம் கட்டினாய், மணலை அள்ள வந்தவர்களை அள்ள விடாமல் அழுதாய். உனக்கு அடித்தேன். அதற்காகவும் இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அன்றைக்குக்கூட, காப்புறுதி இருக்கிறது என்று என் மனதில் ஒரு மூலை நிமிர்ந்துதான் நின்றது. பயந்தவள் சொன்னது சரியாய்ப் போய்விட்டதே என்று அயலட்டையைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினேன்.

சேதம் மதிப்பிடுகிறவர் ஒருவர் வந்தார். மணலுக்குள் சப்பாத்தைக் கழற்றாமல் நடந்து, ஒவ்வொரு மூலையாகப் படம் எடுத்தார். மழை வெள்ளமா, கடல் தண்ணியா என்று கேட்டார். “மழை எங்கை தம்பி மணல் சுமந்துகொண்டு வரும்?” என்றார் அம்மப்பா. அவர் தலையாட்டினார். கடலுக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறோம், அதில் சிக்கல் இல்லை. பிறகு உறுதியைக் கேட்டார். உறுதி தப்பியிருந்தது, பொலித்தீனில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். நின்ற நிலையில் இரண்டு பக்கம் புரட்டினார்.

“இது உங்கடை பேரிலையெல்லோ இருக்கு?”

“ஓம், சீதன உறுதி.”

“பொலிசி அவற்றை பேரிலை.”

“என்ரை புருசன்தான் அவர்.”

“அது தெரியுது மிஸ். வீடு அவற்றை இல்லையே.”

ஒன்றரை மாதத்தில் கம்பனிக் கடிதம் வந்தது. காப்புறுதி செய்தவருக்கு இந்த வீட்டில் உரித்து இல்லை, உரித்து உள்ளவர் காப்புறுதி செய்யவில்லை, ஆகவே தர இயலாது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற அவர்களுடைய கிளைக்கு நாலு தரம் போனேன். ஒவ்வொரு முறையும் வேறு மேசை. இந்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ நான் போனால், யாழ்ப்பாணத் தமிழருக்கு உள்ள தேசவழமைச் சட்டப்படி புருசன் கையெழுத்து வைத்தால்தான் செல்லும் என்பார்கள். அப்போது அவர் இல்லாமல் வீடு அசையாது. சுவர் விழுந்தவுடன் அவர் யாரோ. இதை ஒரு மேசையில் இருந்தவரிடம் சத்தமாகவே கேட்டேன். “நீங்கள் சொல்லுறது நியாயம்தான் அக்கா, படிவத்திலை அப்பிடி எழுதியிருக்கலாமே,” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்தேன்.

முகவர் தானே வந்து வருத்தம் சொன்னார். “எனக்கு அண்டைக்கே ஒரு சந்தேகம் வந்ததக்கா. உறுதியைக் காட்டுங்கோ எண்டு மருமகனுக்கு முன்னாலை எப்பிடிக் கேக்கிறது எண்டு விட்டிட்டன்.” அவரை நான் என்ன சொல்லித் திட்டுவது? நானே தேத்தண்ணி போடப் போனவள்.

ஆகவே அம்மப்பாவைப் பிடித்துக்கொண்டேன். மறைக்கத் தகரம் அடித்திருந்த குசினிக்குள் அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஏன் அன்றைக்கு முந்திக்கொண்டு சொன்னீர்கள், உங்களுக்குத் தெரியாதா இது அம்மாவின் வீடு, பிறகு என் வீடு என்று கத்தினேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு இவ்வளவு காலமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“நான் இந்த வீட்டுக்கு மாப்பிளையாய் வந்து ரெண்டாம் வருசம். வள்ளம் உடைஞ்சு தொழில் இல்லாமல் இருந்தனான். கொம்மாவின்ரை தேப்பன், நான் சோத்துக்கு முன்னாலை இருக்கேக்கை சொன்னார், இது என்ரை பிள்ளையின்ரை வீடு, மறந்திடாதையும் எண்டு. கையைக் கழுவிப்போட்டு எழும்பினனான் பிள்ளை. பிறகு அந்தாள் சாகும்வரைக்கும் இந்த வீட்டிலை நான் வயிறாறச் சாப்பிட்டதில்லை. என்ரை மருமகன்ரை காதிலை அந்த வார்த்தை விழக்கூடாதெண்டு நினைச்சிருந்தனான்.”

“வார்த்தை விழேல்லையப்பா, சுவர்தான் விழுந்தது,” என்றேன்.

சொன்ன பிறகு அவருடைய முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். அவர் எழும்பி ரோட்டுக்கு அங்கால் வலைக் கொட்டிலுக்குப் போய்விட்டார். பொழுதுபட்டுத்தான் வந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றும் தெரியும், என் கோபம் பிழையில்லை என்றும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அன்றைக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன்.

கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றபோது உன் அப்பா போன் எடுத்தார். கம்பனிக் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு, உறுதியைப் பற்றி அன்றைக்கே உங்களிடம் சொல்லாமல் விட்டேன் என்று அழுதேன்.

“எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“வீடு உம்மடை பேரிலை எண்டு. கலியாணத்துக்கு முதல் உறுதியை எனக்கும்தானே வாசிச்சுக் காட்டினவை.”

“பிறகென்னத்துக்குக் கையெழுத்து வைச்சனீங்கள்?”

“மாமா அவ்வளவு சந்தோசமாய்ச் சொல்லிப்போட்டார். இல்லை மாமா, இது என்ரை வீடில்லை எண்டு நான் சொன்னால் ஏதோ மனத்தாங்கலிலை சொல்லுறன் எண்டெல்லோ நினைப்பார்? நீர் சொல்லுவீர் எண்டு பாத்தன்.”

“நான் நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன்.”

போனில் அவருக்குப் பின்னால் கப்பல் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. நாலு பேர் அந்த விறாந்தையில் இருந்தோம் மகனே. மூன்று பேருக்குச் சரியான பதில் தெரியும், முகவருக்குச் சந்தேகமாவது இருந்தது. நாலு பேரும் மற்ற ஆளின் மனம் நோகக்கூடாது என்று நினைத்தோம். ஒருவரில்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன்.

புதிதாகப் பொலிசி எடுத்தபோது, இந்த முறை படிவத்தில் என் பெயரை நானே எழுதினேன். முகவர் வந்த அன்று அம்மப்பா விறாந்தைக்கு வரவே இல்லை. கிளையில் இருந்த ஒரு பெண் புருசனுடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்றார். அது விற்கவும் ஈடு வைக்கவும்தான், காப்புறுதிக்கு இல்லை என்றேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, சரி என்றார். இரண்டு கிழமைக்கு முன் பொலிசி வந்தது. முன் பக்கத்தில் ஒரு குடும்பம் குடைக்குக் கீழ் நின்று சிரிக்கிறது. உள்ளே என் பெயர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருக்கிறது. கடைசியில் தனியாக ஒரு தாள் பின் அடித்திருந்தது. வீடு கரையோர இடர் வலயத்தில் இருப்பதாலும், முன்னர் சேதம் அடைந்திருப்பதாலும், கடல் பெருக்கால் வரும் சேதம் இதில் அடங்காது. தீ அடங்கும். இடி அடங்கும். களவு அடங்கும். வீட்டுக்குள் வாகனம் மோதினால் அதுவும் அடங்கும். முதல் பொலிசியில் கடல் இருந்தது, நான் இல்லை. இந்தப் பொலிசியில் நான் இருக்கிறேன், கடல் இல்லை.

இதுதான் என் இரண்டு கிழமைக் கோபம். உள்ளுக்குள் போய் இருக்கலாமே, சுன்னாகத்தில் வீடு வாடகைக்கு இருக்கிறதாம் என்று சொல்லுகிறவர்கள் சொல்லுகிறார்கள். எரிமலைச் சரிவில் இருப்பவர்களிடமும் இதைத்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அம்மப்பாவைச் சுன்னாகத்து வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தால் ஒரு மாதத்தில் படுத்துவிடுவார். எனக்கும் இந்த உலகத்தில் என் பெயரில் இருப்பது இந்த வீடு ஒன்றுதான். இருக்கிற இடத்தில் ஆபத்து என்றால், அந்த ஆபத்துக்குத்தானே காப்புறுதி? ஆபத்தில்லாத சாமானுக்கெல்லாம் காப்புத் தருகிறவர்களிடம் நான் வேறு எப்படிப் பேசுவது?

உனக்குச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நீ போகிற வீட்டில் உன் மாமனாரும் நல்ல மனிசராகத்தான் இருப்பார். உன்னை மதிக்கிறோம் என்று காட்ட, யாரோ ஒரு வெளியாளுக்கு முன்னால், “மருமகன்ரை வீடு” என்று சொல்லுவார். உனக்கு இனிக்கும். உன் மனைவி கையில் எதையோ தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் எழும்புவாள். அவள் எழும்ப முன்னர் சொல்லு: “இல்லை மாமா, இது அவவின்ரை வீடு.” சிரித்துக்கொண்டு சொன்னால் போதும். எல்லோருடைய முகமும் ஒரு நிமிஷம் சுண்டும். சுண்டட்டும். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து நாங்கள் கிட்டத்தட்ட ஒரு வருஷம் தகரத்துக்குப் பின்னால் சமைத்தோம். பிறகு, பொலிசி வந்தால் குடைப் படத்தைப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைக்காதே. கடைசியில் பின் அடித்த தாளை முதலில் வாசி. அவளையும் வாசிக்கச் சொல்லு. உன் பயத்தையோ அவள் பயத்தையோ பார்த்து யாராவது சிரித்தால், சிரித்து முடியட்டும் என்று பார்த்துக்கொண்டு இராதே.

வாடைக்கு இன்னும் கன நாள் இல்லை. வடக்குச் சுவரைத் தூண் போட்டு, அத்திவாரத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறோம். அதைப் பார்த்துப் பிரதேச செயலகத்துத் தொழில்நுட்ப அலுவலர் எழுதிய கடிதம் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதைக் காட்டினால் கிளை முகாமையாளர் கடலைத் திரும்பச் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம் என்று முகவர் சொல்லுகிறார். சேர்க்காவிட்டால் வேறு கம்பனி, அதுவும் இல்லாவிட்டால் கொழும்புக்கு எழுதுவேன். நாளைக்கு உன்னை நேசறிப் பள்ளியில் விட்டுவிட்டு எட்டரை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறேன். இன்றைக்குப் பின்னேரம் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மப்பா வாசலில் வந்து நின்றார்.

“நானும் வாறன் பிள்ளை.”

“வாங்கோ. ஆனால் அங்கை வாய் திறக்கக் கூடாது.”

“என்னைக் கேட்டால்?”

“கேட்டால் என்னைக் காட்டுங்கோ.”

“ஓம்,” என்றார். பிறகு தன் வெள்ளைச் சேட்டைக் கொண்டுவந்து, அயன் பண்ணித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார். அயன் எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டிவிட்டு, நான் இதை எழுத வந்து இருந்தேன்.

அம்மா